சாப்பர் அதிகாரியின் நாற்பது ஆண்டுகள்: ராணுவப் பொறியாளர் எப்படி ஜெனரல் ஆகிறார்?

தேனி மாவட்டத்தில் பென்னிகுயிக் என்ற பெயரை அறியாத வீடு இருக்காது. கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். தைப் பொங்கலன்று அவருக்கென்று பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகைப் படுகைக்குக் கொண்டுவந்தவர் அவர். 1887-ல் தொடங்கிய அணை வேலை 1895-ல் முடிந்தது. இதெல்லாம் தெரிந்தவர்களும் அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘கர்னல்’ என்ற பட்டத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பென்னிகுயிக் ராணுவ அதிகாரி. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனும் அப்படித்தான். மெட்ராஸ் என்ஜினியர்ஸ் படையில் சேர்ந்து ஜெனரல் வரை உயர்ந்தவர்.

கம்பெனி ஆட்சியிலும் அதன்பின் வந்த பிரிட்டிஷ் ஆட்சியிலும் அளவெடுக்கவும் வரைபடம் போடவும் கணக்குப் போட்டுக் கட்டவும் பயிற்சி பெற்ற ஆட்கள் ராணுவத்தில்தான் அதிகம் இருந்தார்கள். அதனால் அணையும் கால்வாயும் பாலமும் அவர்கள் பொறுப்பில் வந்தன. இன்று பாசன வேலைகள் அனைத்தும் மாநில அரசுத் துறைகளிடம் இருக்கின்றன. ராணுவப் பொறியாளரின் வேலை என்னவோ குறையவே இல்லை. இந்திய ராணுவத்தில் இன்று ஒரு பொறியாளர் அதிகாரி எப்படிச் சேர்கிறார், என்ன செய்கிறார், எந்தப் படிகளில் ஏறி மூத்த அதிகாரி ஆகிறார் என்பதைப் புதிதாக அறிய விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பதவிகளை வரிசையாக ஒப்பிப்பதால் மட்டும் இந்தத் தொழில் புரிந்துவிடாது. ஒவ்வொரு பதவியிலும் அவர் எவ்வளவு காலத்தை மனதில் வைத்து வேலை செய்கிறார் என்று பாருங்கள். லெப்டினன்டுக்கு நிமிடக் கணக்கு. மேஜருக்கு மணிக் கணக்கு. கர்னலுக்குப் பருவமும் நிதியாண்டும். பிரிகேடியரும் அதற்கு மேலே இருப்பவர்களும் தாங்கள் ஓய்வுபெற்ற பிறகே முடியப்போகும் வேலைகளுக்குக் கையெழுத்திடுகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ராணுவத்தில் பொறியியல் பட்டதாரிகள் பல பிரிவுகளில் இருக்கிறார்கள். டாங்கிகளையும் வாகனங்களையும் பழுதுபார்ப்பது இ.எம்.இ. என்ற தனிப் படைப்பிரிவு. தகவல் தொடர்பு சிக்னல்ஸ் பிரிவின் வேலை. நாம் பேசப்போவது கோர் ஆஃப் என்ஜினியர்ஸ் எனப்படும் பொறியாளர் படையைப் பற்றி. இதன் வீரர்களைச் சாப்பர்கள் என்பார்கள். படை முன்னேற வழி திறப்பது, எதிரி வரும் வழியை அடைப்பது, தன் படைக்குப் பதுங்குகுழியும் தங்குமிடமும் குடிநீரும் ஏற்படுத்தித் தருவது ஆகியவை இவர்கள் வேலை. ஆற்றின் மேல் பாலம் போடுபவர்களும் இவர்கள்தான். பின்வாங்கும்போது அதே பாலத்தைத் தகர்ப்பவர்களும் இவர்கள்தான். தேவைப்பட்டால் துப்பாக்கியோடு காலாட்படையாகவும் நிற்க வேண்டும். ஆகவே “இவர் பொறியாளரா, சிப்பாயா?” என்ற கேள்விக்கு, முதலில் சிப்பாய் என்பதே நேரான பதில்.

இந்தப் படையில் மூன்று குழுமங்கள் உண்டு. பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப், ரூர்க்கியில் பெங்கால் குரூப், புனே அருகே கட்கியில் பாம்பே குரூப். மூன்றில் மெட்ராஸ் மூத்தது. 1780 செப்டம்பர் 30 அன்று இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கிய படை அது. தென்னிந்திய வீரர்கள் நிறைந்த இந்தப் படையினரை ராணுவம் முழுவதும் ‘தம்பி’ என்றே அழைக்கும். மூன்று குழுமங்களும் ஒரே கோராக இணைந்த நாள் 1932 நவம்பர் 18; அந்தத் தேதியே பொறியாளர் படை தினமாக இன்றும் கொண்டாடப்படுகிறது.

உள்ளே நுழையும் வழிகள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் நுழைய இரண்டு பாதைகள். தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தேர்வெழுதி, கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டுகள், பிறகு டேராடூனில் இந்திய ராணுவ அகாடமியில் ஓராண்டு என்பது ஒன்று. இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களுக்கான டெக்னிகல் என்ட்ரி திட்டம் மற்றொன்று. பொறியியல் பட்டம் பெற்றபின் வருபவர்கள் டேராடூனில் தொழில்நுட்பப் பட்டதாரிப் பயிற்சியிலோ, சென்னை பரங்கிமலையை அடுத்த அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் குறுகியகாலப் பணிக்கான பயிற்சியிலோ சேரலாம். சென்னைப் பயிற்சி 49 வாரங்கள். குறுகியகாலப் பணி என்றால் பத்து ஆண்டுகள்; அதை நான்கு ஆண்டுகள் நீட்டிக்கலாம், அல்லது பத்தாம் ஆண்டில் நிரந்தரப் பணிக்குத் தேர்வாகலாம். சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றிச் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

எந்த வழியில் வந்தாலும் பொறியாளர் படை அதிகாரிக்குத் தாய்வீடு புனே டாபோடியில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரி. 1943-ல் ரூர்க்கியில் பள்ளியாகத் தொடங்கி, 1948-ல் புனேவுக்கு மாறி, 1951-ல் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. இளம் அதிகாரிகளுக்கான முதல் பயிற்சி அங்கேதான். பட்டம் இல்லாமல் வந்தவர்கள் சில ஆண்டுகள் படைப்பிரிவில் வேலை பார்த்தபின் அங்கே திரும்பிப் போய் பி.டெக். முடிக்கிறார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வெடிமருந்தையும் பாலத்தையும் கையால் தொட்டுவிட்டு வகுப்பறைக்கு வருபவருக்கு, வளைவுத் திருப்புத்திறன் என்பது தேர்வுக்கான சூத்திரமாகத் தெரியாது. தன் ஆட்கள் நின்ற பாலம் ஏன் வளைந்தது என்பதற்கான விடையாகத் தெரியும்.

லெப்டினன்டும் கண்ணிவெடியும்

பொறியாளர் ரெஜிமென்டில் லெப்டினன்டின் பொறுப்பு ஒரு பிளட்டூன், அதாவது படையின் ஒரு சிறு அணி. அவர் கற்கும் வேலைகளில் மிகக் கடினமானது கண்ணிவெடிப் பகுதியில் பாதை திறப்பது. திரையில் காட்டுவதுபோல் அது ஒரே ஆள் கம்பியை வெட்டும் சாகசம் இல்லை. சாப்பர் தரையில் குப்புறப் படுத்து, மெல்லிய கம்பியைச் சாய்வாக, ஏறத்தாழ 30 பாகைக் கோணத்தில், மண்ணுக்குள் மெதுவாகச் செலுத்துகிறார். நேராகக் குத்தினால் கம்பி கண்ணிவெடியின் மேல்தட்டை அழுத்திவிடும். சாய்வாகப் போனால் அதன் பக்கவாட்டில் தட்டும். எதுவும் தட்டவில்லையென்றால் சில அங்குலம் தள்ளி மீண்டும் ஒரு முறை. உலோகம் காட்டும் கருவி இருந்தாலும் பிளாஸ்டிக் உடல் கொண்ட வெடிகளுக்கு அதை முழுக்க நம்ப முடியாது. திறந்த பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா இழுக்கப்படுகிறது. பின்னால் வரும் ஒவ்வொருவரின் உயிரும் அந்த நாடாவை நம்பி இருக்கிறது. ராஜஸ்தான் மணற்பரப்பில் காற்று மணலை நகர்த்தும்போது வெடிகளும் இடம் மாறுகின்றன. காஷ்மீர் சரிவுகளில் பனி அவற்றைக் கீழே இழுத்துவருகிறது. வெடி புதைத்த வரைபடம் கையில் இருந்தாலும் மண்ணைத் தொட்டுத்தான் பார்த்தாக வேண்டும்.

1948 ஏப்ரலில் நௌஷேராவிலிருந்து ரஜௌரி நோக்கி இந்தியப் படை நகர்ந்தபோது, வழி நெடுகச் சாலைத் தடைகளும் கண்ணிவெடிகளும் இருந்தன. அவற்றை அகற்றும் பொறுப்பு பாம்பே சாப்பர்ஸைச் சேர்ந்த செகண்ட் லெப்டினன்ட் ராமா ராகோபா ராணேயிடம் இருந்தது. சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியானவர் என்று முன்பு சொன்னது இவரைத்தான். எதிரியின் துப்பாக்கிச் சூட்டிலிருந்து தப்ப, முன்னால் போகும் டாங்கியின் அடியில் தவழ்ந்தபடியே நகர்ந்தார். டாங்கி ஓட்டுநருக்குச் சைகை காட்ட இரண்டு கயிறுகளைக் கட்டி வைத்துக்கொண்டார். ஒன்றை இழுத்தால் நகர வேண்டும், மற்றதை இழுத்தால் நிற்க வேண்டும். காயத்தோடு பல நாள் நீடித்த அந்த வேலைக்காக அவருக்குப் போர்முனை வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா கிடைத்தது. அந்த விருதை உயிரோடு பெற்ற முதல் வீரர் அவர். மேஜராக ஓய்வுபெற்றார்.

தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பெயர் சுபேதார் சுப்பிரமணியன். செங்கல்பட்டுச் சீமையின் கீழொட்டிவாக்கம் கிராமத்தைச் சேர்ந்த மெட்ராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ அருகே, மிதிபட்டு வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர். சுபேதார் என்பது சிப்பாய் நிலையிலிருந்து உயர்ந்து வருபவர்களின் பதவி; அவர் லெப்டினன்டும் இல்லை, ஜெனரலும் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வயது லெப்டினன்டுக்கு முதல் ஆண்டில் தொழிலைக் கற்றுத்தருபவர்கள் இவரைப் போன்ற சுபேதார்கள்தாம். பின்னாளில் ஜெனரலாக நிற்பவரின் அடித்தளத்தில் சில சுபேதார்களின் பொறுமை கட்டாயம் இருக்கும்.

மேஜர், 31 மணி நேரம்

இரண்டு ஆண்டுகளில் கேப்டன், ஆறு ஆண்டுகளில் மேஜர், பதின்மூன்று ஆண்டுகளில் லெப்டினன்ட் கர்னல். இவை மூன்றும் உரிய தேர்வுகளை முடித்து, பணிக்காலம் நிறைந்தால் வந்துவிடும் பதவிகள். மேஜர், பல பிளட்டூன்கள் சேர்ந்த ஒரு ஃபீல்டு கம்பெனிக்குத் தலைமை ஏற்கிறார். என் பார்வையில் இந்தத் தொழிலின் மிக நிறைவான காலம் இதுதான். கணக்கு அவருடையது, ஆட்கள் அவருடையவர்கள், முடிவை அன்றைக்கே கண்ணால் பார்த்துவிடலாம்.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்தது. சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் இடையே இருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அப்பால் சிக்கியவர்களை மீட்கக் கனரக எந்திரங்கள் போக வழியில்லை. மெட்ராஸ் என்ஜினியர் குரூப் வந்து 190 அடி நீளப் பெய்லி பாலத்தை 31 மணி நேரத்தில் முடித்தது. 24 டன் எடையைத் தாங்கும் பாலம். அந்த வேலையில் முன்நின்ற மேஜர் சீதா ஷெல்கேயின் படம் அப்போது நாடெங்கும் பரவியது.

பெய்லி பாலம் எப்படி இவ்வளவு வேகமாக எழுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கினால் மேஜரின் வேலை புரியும். இரண்டாம் உலகப் போரின்போது டொனால்டு பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் வடிவமைத்தது இது. இதன் அடிப்படை அலகு பத்தடி நீளமுள்ள ஓர் இரும்புச் சட்டம். எடை ஏறத்தாழ 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். சட்டங்களை முனையோடு முனை வைத்து, தடித்த ஊசிகளைச் செருகி இணைத்தால் பாலத்தின் இரு பக்கச் சுவர்கள் உருவாகின்றன. குறுக்கே உத்தரங்கள், அவற்றின் மேல் தளம். கிரேன் கட்டாயம் இல்லை.

ஆற்றின் நடுவே நின்று கட்ட முடியாதபோது, பாலத்தை எப்படி அக்கரைக்குக் கொண்டுபோவது? இக்கரையிலேயே உருளைகளின் மேல் பாலத்தைப் பூட்டி, முன்பக்கத்தில் தளம் இல்லாத வெறும் எலும்புக்கூடாக ஒரு மூக்கைச் சேர்க்கிறார்கள். பின்னால் சட்டங்களைச் சேர்க்கச் சேர்க்க முன்னால் தள்ளுகிறார்கள். மூக்கு அந்தரத்தில் நீண்டுகொண்டே போகும். மொத்த அமைப்பின் எடை மையம் எப்போதும் உருளைகளுக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். அது ஓரடி முன்னால் போனாலும் முழுப் பாலமும் தலைகுப்புற ஆற்றில் விழும். மூக்கு அக்கரையைத் தொட்டதும் அங்கே உருளையில் ஏற்றி, பாலத்தை இழுத்து அமர்த்திவிட்டு மூக்கைக் கழற்றிவிடுகிறார்கள். எத்தனை சட்டம் நீளத்துக்கு மூக்கு வேண்டும், எவ்வளவு எடைக்குச் சட்டங்களை எத்தனை வரிசையாகவும் அடுக்காகவும் வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அட்டவணைகள் இருக்கின்றன. கரை மண் அந்த எடையைத் தாங்குமா என்பதற்கு அட்டவணை இல்லை. மழை பெய்துகொண்டிருக்கும்போது அந்த மண்ணைப் பார்த்து முடிவெடுப்பவர் மேஜர்.

போரில் இதே வேலை எதிரியின் பீரங்கிக்கு நடுவே, பெரும்பாலும் இருட்டில் நடக்கும். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், மேற்கு எல்லையின் சகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்த சண்டையில், மெட்ராஸ் சாப்பர்ஸின் 9 என்ஜினியர் ரெஜிமென்ட் ஆழமான கண்ணிவெடிப் பகுதியில் டாங்கிகளுக்குப் பாதை திறந்துகொண்டிருந்தது. அக்கரையில் காலாட்படைக்கு நெருக்கடி முற்றியதால், பாதை பாதிதான் திறந்திருந்த நிலையிலேயே பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் துணிந்து புகுந்தன. அந்த ரெஜிமென்டுக்குத் தலைமை வகித்த லெப்டினன்ட் கர்னல் பி.டி. பண்டிட் வீர் சக்ரா பெற்றார். பின்னாளில் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். அன்று பின்னால் டாங்கிகள் காத்து நிற்க ஒவ்வொரு அடியாகப் பாதை திறந்தவர், பிறகு மேலிடத்தில் அமர்ந்து திட்டங்களைப் படிக்கும்போது, ‘பாதை திறக்க இரண்டு மணி நேரம்’ என்று ஒருவர் காகிதத்தில் எழுதியதை அப்படியே ஏற்கமாட்டார். மூத்த அதிகாரிகளை ஏன் களத்திலிருந்தே வளர்த்தெடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

சுருங்கிக்கொண்டே போகும் கோபுரம்

லெப்டினன்ட் கர்னலுக்கு மேலே எதுவும் தானாக வராது. கர்னல் பதவிக்குத் தேர்வுக் குழு இருக்கிறது. ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்களை ஒரு தொகுப்பாக எடுத்து, அவர்களுக்குள் போட்டி வைத்துத் தேர்வு செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்புகள். அடிப்படை ஆவணம் ஆண்டுதோறும் எழுதப்படும் ரகசிய அறிக்கை. நேர் அதிகாரி எழுத, அவருக்கு மேலே உள்ளவர் பரிசீலிக்க, அதற்கும் மேலே ஒருவர் மீண்டும் பார்க்கிறார். தேர்வாகாதவர்கள் 26 ஆண்டுப் பணியில் காலமுறைக் கர்னல் ஆகலாம். ஆனால் ரெஜிமென்டுக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பு தேர்வானவர்களுக்கே.

இதனால் மேஜராக இருக்கும்போதே படிப்பும் தீவிரமாகிறது. நீலகிரி வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணிகள் பயிலகக் கல்லூரிக்குப் போட்டித் தேர்வெழுதிப் போவது முக்கியமான திருப்பம். அங்கே முப்படை அதிகாரிகளும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் சேர்ந்து படிக்கிறார்கள். கர்னல் நிலையில் மவ்வில் உள்ள ராணுவப் போர்க் கல்லூரியில் உயர் தலைமைப் பயிற்சி. பிரிகேடியர் நிலையில் டெல்லி தேசியப் பாதுகாப்புக் கல்லூரி. அந்தக் கடைசிப் படிப்பில் வெடிமருந்தைப் பற்றியோ பாலத்தைப் பற்றியோ எதுவும் இருக்காது. பொருளாதாரம், அண்டை நாடுகள், நாட்டின் கொள்கை என்று பாடமே வேறு.

தேர்வாகாமல் நின்றுவிடுபவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று வெளியே ஓர் எண்ணம் இருக்கிறது. அது தவறு. மேலே இடங்கள் குறைவு. நல்ல அதிகாரிகள் பலர் கர்னலாகவே 54 வயதில் ஓய்வுபெறுகிறார்கள். பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60 வயது. தலைமைத் தளபதிக்கு 62 வயது அல்லது மூன்று ஆண்டுகள், எது முந்தியோ அது.

இரண்டு வேறு உலகங்கள்: எம்.இ.எஸ்., பி.ஆர்.ஓ.

காலாட்படை அதிகாரிக்கு இல்லாத ஒரு வாழ்க்கை பொறியாளருக்கு உண்டு. ரெஜிமென்டுக்கு வெளியே அவருக்கு இரண்டு பெரிய அமைப்புகளில் வேலை இருக்கிறது. முதலாவது ராணுவப் பொறியியல் சேவை, அதாவது எம்.இ.எஸ். 1923-ல் உருவானது. ராணுவக் குடியிருப்பு, மருத்துவமனை, விமானப்படையின் ஓடுபாதை, கடற்படைத் தளம், இவற்றுக்கெல்லாம் குடிநீர், மின்சாரம் என முப்படைகளின் கட்டுமானமும் பராமரிப்பும் அதன் பொறுப்பு. ஒரு ராணுவ நிலையத்தில் கேரிசன் என்ஜினியர், அவருக்கு மேல் கர்னல் நிலையில் கமாண்டர் வொர்க்ஸ் என்ஜினியர், அதற்கும் மேல் பிரிகேடியர் நிலையில் மண்டலத் தலைமைப் பொறியாளர், ராணுவக் கமாண்டு (நாட்டின் ஒரு பெரும் பகுதிக்கான படைத் தலைமையகம்) அளவில் மேஜர் ஜெனரல் என்று ஏணி போகிறது. சிவில் பொறியாளர்களும் இதே அமைப்பில் அதிகாரிகளாக இருக்கிறார்கள். இங்கே எதிரி, டெண்டரும் தணிக்கையும் மார்ச் 31-ம் தேதியும். இந்த வேலையைச் சலிப்பானது என்று இளைஞர்கள் ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். பொதுப்பணத்தை ஒழுங்காகச் செலவிடப் பழகாதவரிடம் நாளை பெரிய திட்டத்தை எப்படி ஒப்படைப்பது?

இரண்டாவது எல்லைச் சாலைகள் அமைப்பு, பி.ஆர்.ஓ. 1960 மே 7 அன்று தொடங்கப்பட்டது. ராணுவப் பொறியாளர்களும் ‘கிரெஃப்’ எனப்படும் அதன் சொந்தப் பணியாளர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். காஷ்மீரில் பீகன், லடாக்கில் ஹிமாங்க், சிக்கிமில் ஸ்வஸ்திக், பூட்டானில் தந்தக் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு திட்டப் பெயர். மேஜர் ஒரு சாலைக் கட்டுமானக் கம்பெனியையும், கர்னல் ஒரு டாஸ்க் ஃபோர்ஸையும், பிரிகேடியர் தலைமைப் பொறியாளராக ஒரு முழுத் திட்டத்தையும் நடத்துகிறார்கள். லடாக்கில் ஆண்டுக்குச் சில மாதங்களே வேலை செய்ய முடியும். பனி உருகியதும் பாறை வெட்டத் தொடங்கி, மீண்டும் பனி மூடுவதற்குள் தார் போட்டு முடிக்க வேண்டும். சாலை மட்டும் 19,024 அடி உயர உம்லிங் லா வரை ஏறிவிட்டது. அந்த உயரத்தில் மனிதருக்கும் மூச்சு வாங்கும். டீசல் எந்திரத்துக்கும் ஆக்சிஜன் போதாது.

பெரிய திட்டம் என்றால் எவ்வளவு காலம் என்பதற்கு ரோத்தங் மலைக்கு அடியில் போகும் அடல் சுரங்கப்பாதையைப் பாருங்கள். அணுகுசாலைக்கு அடிக்கல் நாட்டியது 2002-ல். சுரங்கம் தோண்டும் வேலை தொடங்கியது 2010-ல். நடுவே சேரி நாலா என்ற பாறைப் பிளவுப் பகுதி குறுக்கிட்டது. வெறும் 587 மீட்டர்தான். ஆனால் நொறுங்கிய பாறையும் மேலிருந்து கொட்டிய நீரும் ஆண்டுக்கணக்கில் வேலையை இழுத்தன. 2017 அக்டோபரில் இரு முனைகளும் சந்தித்தன. 9.02 கிலோமீட்டர் சுரங்கம் 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. மணாலிக்கும் லேவுக்கும் இடையே 46 கிலோமீட்டர் குறைந்தது. ஒரு தலைமைப் பொறியாளர் ஒரு பதவியில் இருப்பது பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள். அப்படியானால் இந்த ஒரு சுரங்கத்துக்குள் எத்தனை பேர் பொறுப்பேற்று, பாதியில் ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பார்கள்! இந்த அடிக்கடி இடமாற்றம் பெரிய கட்டுமானங்களுக்கு நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து. மூத்த பொறியாளர் அதிகாரியின் பெருமை திறப்பு விழாப் படத்தில் தெரியாது. அடுத்து வருபவர் திணறாதபடி அவர் எழுதி வைத்துவிட்டுப் போன கோப்பில்தான் அது இருக்கிறது.

பிரிகேடியரின் இரண்டு பாதைகள்

பிரிகேடியர் நிலையில் பாதை பிரிகிறது. சிலர் பொறியாளராகவே தொடர்கிறார்கள். படைக்கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படையின்) தலைமைப் பொறியாளர், பொறியாளர் பிரிகேடின் தளபதி, கமாண்டின் தலைமைப் பொறியாளர் என்று போய், லெப்டினன்ட் ஜெனரல் நிலையில் மூன்று பெரிய நாற்காலிகள் இருக்கின்றன: புனே கல்லூரியின் தலைவர், பி.ஆர்.ஓ.வின் தலைமை இயக்குநர், டெல்லியில் என்ஜினியர்-இன்-சீஃப். கடைசியில் சொன்னவரே பொறியாளர் படையின் தலைவர், எம்.இ.எஸ்.ஸும் அவர் பொறுப்பில். இந்த நிலையில் உள்ளவர்களில் ஒருவர் தன் குழுமத்தின் கர்னல் கமாண்டன்ட் என்ற கௌரவப் பொறுப்பையும் ஏற்பார். ஓய்வுபெற்ற சிப்பாயின் குடும்பம் ஒரு குறையைச் சொல்ல வேண்டுமென்றால் அவரிடம் சொல்லலாம்.

வேறு சிலர் பொதுப் பிரிவுக்குத் தேர்வாகிறார்கள். அதன்பின் அவர்கள் காலாட்படை பிரிகேடுக்கும், டிவிஷனுக்கும், படைக்கோருக்கும் தளபதியாகலாம். 2023 ஆகஸ்ட் முதல் பிரிகேடியரும் அதற்கு மேலுள்ளவர்களும் ஒரே மாதிரிச் சீருடைதான் அணிகிறார்கள்; தொப்பியிலோ தோள் கயிற்றிலோ எந்தப் படைப்பிரிவிலிருந்து வந்தவர் என்பது தெரியாது.

இந்த இரண்டாம் பாதையில் கடைசிவரை போனவர் ஜெனரல் மனோஜ் பாண்டே. 1982 டிசம்பரில் பாம்பே சாப்பர்ஸில் சேர்ந்தார். நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் எல்லையில் படைகள் குவிக்கப்பட்ட ஆபரேஷன் பராக்கிரம் காலத்தில் கட்டுப்பாட்டுக் கோட்டருகே 117 என்ஜினியர் ரெஜிமென்டை நடத்தினார். பிறகு பொறியாளர் பிரிகேடு, கட்டுப்பாட்டுக் கோட்டில் காலாட்படை பிரிகேடு, லடாக்கில் மலைப்போர் டிவிஷன், வடகிழக்கில் படைக்கோர், அந்தமான் நிக்கோபார் கமாண்டு, கிழக்குக் கமாண்டு, துணைத் தலைமைத் தளபதி. 2022 ஏப்ரல் 30 அன்று ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். அதற்கு முன் அந்தப் பதவியில் எந்தப் பொறியாளரும் அமர்ந்ததில்லை. காலாட்படை, கவசப்படை, பீரங்கிப்படை அதிகாரிகளுக்கே அது வாய்த்திருந்தது.

அவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே அந்தப் பாதையில் வெகுதூரம் போனவர் பிரேமிந்திர சிங் பகத். 1941-ல் அபிசீனிய (இன்றைய எத்தியோப்பிய) போர்முனையில் இளம் அதிகாரியாக நான்கு நாட்களில் 55 மைல் தூரத்தில் 15 கண்ணிவெடிப் பகுதிகளைத் திறந்தார். அவர் போன வாகனம் இரண்டு முறை வெடியில் சிக்கியது. காதுச் சவ்வு கிழிந்தது. பிரிட்டனின் மிக உயர்ந்த போர்வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். 1962 சீனப் போரின் தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்த இருவரில் ஒருவர் பிரிகேடியராக இருந்த இந்தப் பகத்தான். பின்னர் லெப்டினன்ட் ஜெனரலாகி வடக்குக் கமாண்டை நடத்தினார். சீருடையைக் கழற்றியபின் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் தலைவராகி அணைகளும் அனல்மின் நிலையங்களும் நிறைந்த நிறுவனத்தை ஏற்றார். பழைய பொறியாளர்கள் பாசனத்திலும் போரிலும் மாறி மாறி உழைத்த மரபு அவரிடம் இன்னொரு முறை தலைகாட்டியதாகவே எனக்குப் படுகிறது.

இனி வருபவர்கள்

நெடுங்காலம் பெண்கள் இந்தப் படையில் குறுகியகாலப் பணியோடு நின்றுவிட வேண்டியிருந்தது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு பெண்களுக்கு நிரந்தரப் பணியையும் தலைமைப் பொறுப்புகளையும் திறந்துவிட்டது. 2023-ல் பெண் அதிகாரிகளுக்கெனச் சிறப்புத் தேர்வுக் குழு கூடி, பொறியாளர் படை உட்படப் பல பிரிவுகளில் கர்னல்களைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஜனவரியில் பெங்கால் சாப்பர்ஸைச் சேர்ந்த கேப்டன் சிவா சௌகான் சியாச்சினின் குமார் முகாமில் பணியமர்த்தப்பட்டார்.

பள்ளி மாணவி ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவருக்காக ஒரு கணக்கு. 2022-லிருந்து தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும் பெண்கள் சேர்க்கப்படுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இப்போது அங்கே நுழைபவர் நான்கு ஆண்டுகளில் லெப்டினன்ட், அதிலிருந்து ஆறில் மேஜர். கர்னலுக்கான முதல் தேர்வுக் குழு அவரைப் பார்க்கும்போது பணியில் சேர்ந்து ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். மனோஜ் பாண்டே லெப்டினன்டாகச் சேர்ந்து தலைமைத் தளபதி ஆவதற்கு முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. பொறியாளர் படையை முதல் விருப்பமாகக் கொள்வதற்குமுன் இந்தக் காலக்கணக்கைப் பெற்றோரோடு உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. கணிதத்தையும் உடற்பயிற்சியையும் அன்றைக்கே தொடங்கிவிடலாம்.